வெண்புள்ளி நோய் (நன்னீர் வண்ணமீன்கள்)

வெண்புள்ளி நோய் என்பது நன்னீர் மீன்களின் தோல், துடுப்பு, செவுள் ஆகியவற்றில் ஓர் ஒட்டுண்ணி புகுந்து வளர்வதால் உண்டாகும் தொற்றுநோய். கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் நோய்களுள் இது முதன்மையானது. மீன் கடைகளில் ‘ஒயிட் ஸ்பாட்’, ‘இக்’ என்ற பெயர்களில் வழங்குகிறது. கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் இறக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டு, புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர்ந்தால் பெரும்பாலும் குணமாகும். இறால் பண்ணைகளைத் தாக்கும் வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. அது வேறு நோய்.

நோய்க்காரணி

இந்நோயை உண்டாக்குவது இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒருசெல் உயிரி. உடலைச் சுற்றியுள்ள சிலியா எனும் நுண்ணிழைகளை அசைத்து இது நகர்கிறது. 1876இல் ஃபூக்கே என்ற ஆய்வாளர் இதை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்த ஒட்டுண்ணி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வரை பெரிதாகும். நுண்ணோக்கியில் அதன் குதிரைலாட வடிவ உட்கரு தெளிவாகத் தெரியும். இதை வைத்தே நோயை உறுதிசெய்கின்றனர்.

வாழ்க்கைச் சுழற்சி

ஒட்டுண்ணியின் வாழ்க்கை மூன்று நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையில் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் தங்கி, திசுக்களைத் தின்று வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். முதிர்ந்ததும் மீனைவிட்டு வெளியேறி, தொட்டியின் தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை அமைக்கிறது. உறைக்குள் மீண்டும் மீண்டும் பிளவுற்று, நூற்றுக்கணக்கான குஞ்சு உயிரிகளாகப் பெருகுகிறது. உறை வெடித்ததும் அவை நீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும்.

சுழற்சியின் வேகத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் அளவில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் பிடிக்கும்.

தோலுக்கு அடியிலும் உறைக்குள்ளும் இருக்கும்போது மருந்து ஒட்டுண்ணியை எட்டுவதில்லை. நீரில் நீந்தும் குறுகிய நேரத்தில் மட்டுமே அதைக் கொல்ல முடியும். எனவே மருந்திட்ட மறுநாள் புள்ளிகள் அப்படியே இருப்பது மருந்தின் தோல்வி அன்று. அதேபோல் புள்ளிகள் உதிர்ந்து மீன் பளிச்சென்று தெரிவது குணமாகிவிட்டதற்கு அடையாளமும் அன்று. ஒட்டுண்ணிகள் அப்போது தரையில் பெருகிக்கொண்டிருக்கலாம். நோய் மீண்டும் வந்துவிட்டதாகச் சொல்லப்படும் பல நேர்வுகளில், சிகிச்சை பாதியில் நிறுத்தப்பட்டிருக்கும்.

அறிகுறிகள்

புள்ளிகள் தோன்றுமுன்பே மீன் கற்களிலும் செடிகளிலும் உடலை உரசும், துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும், இரையெடுப்பது குறையும். பிறகு ரவையைத் தூவியதுபோல் உடலெங்கும் வெண்புள்ளிகள் எழும். செவுள் பாதிக்கப்பட்டால் மீன் நீர்மட்டத்திற்கு வந்து வேகமாக மூச்சுவிடும். செவுளில் மட்டும் தொற்று இருந்தால், வெளியே ஒரு புள்ளியும் தெரியாமலே மீன் இறந்துபோகக்கூடும்.

ஆண் தங்கமீனின் செவுள்மூடியிலும் பக்கத்துடுப்பின் முன்விளிம்பிலும் இனப்பெருக்கக் காலத்தில் வரிசையாகத் தோன்றும் வெண்முனைகள் நோயல்ல. இவற்றைவிட மிக நுண்ணிய, பொன்னிறமான துகள்கள் தெரிந்தால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம்.

சிகிச்சை

முதலில் தொட்டியில் உண்மையாக உள்ள நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்ட தொட்டி விளிம்பு வரை சுமார் 57 லிட்டர் கொள்ளும். மணல், கற்கள், மேலே விட்ட இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 45 லிட்டர் அளவே தேறும். முழுக் கொள்ளளவுக்கு மருந்திட்டால் அளவு மிஞ்சிவிடும். ஒரு மீனில் மட்டும் புள்ளி தெரிந்தாலும் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை அளிக்க வேண்டும்.

வெப்பம்: ஹீட்டரைக் கொண்டு, சில மணி நேரத்திற்கு ஒரு டிகிரி வீதம் நீரை 30 டிகிரி வரை உயர்த்தலாம். இது ஒட்டுண்ணியின் சுழற்சியை விரைவுபடுத்தி மருந்துக்கு விரைவில் ஆட்படச் செய்கிறது. இந்த ஒட்டுண்ணியின் பல உள்வகைகளின் பெருக்கத்தையும் தடுக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்ப் இடைவிடாது ஓட வேண்டும். தங்கமீன் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு இந்த அளவு வெப்பம் ஏற்றதன்று.

உப்பு: லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு பல மீன்கள் தாங்கும் அளவு. 45 லிட்டருக்கு 90 கிராம் ஆகும். இதைத் தனியே நீரில் கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தவணைகளாகச் சேர்க்க வேண்டும். உப்பு நீந்தும் ஒட்டுண்ணிகளைக் கொல்கிறது. காயம்பட்ட தோலின் வழியே மீன் தன் உடலின் உப்புகளை இழப்பதையும் குறைக்கிறது. நீர் மாற்றும்போது, வெளியேற்றிய நீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். கெளுத்தி, லோச் வகைகளுக்குக் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. சில நீர்ச்செடிகள் உப்பில் வாடும்.

வேதிமருந்துகள்: மாலகைட் கிரீன், ஃபார்மலின், காப்பர் சல்பேட் ஆகியவை வலுவானவை, ஆபத்தும் மிகுந்தவை. மாலகைட் கிரீனை உணவு மீன்களில் பயன்படுத்த அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்துள்ளன. ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். காப்பர் நத்தைகளையும் இறால்களையும் கொல்லும். மெத்திலின் புளூ ஃபில்டரில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாவைப் பாதிப்பதால் தனித்தொட்டியில் பயன்படுத்துவதே முறை. மருந்திடும் நாட்களில் ஃபில்டரிலுள்ள ஆக்டிவேட்டட் கார்பனை எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்த ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. மருந்துகளைத் தாமாகவே கலந்து இடுவது மீனின் உயிருக்கே கேடு.

எந்த முறையானாலும் தினமும் அடிமணலைக் குழாயால் உறிஞ்சி, நீரில் கால் பங்கை மாற்றுவது உறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். புதுநீர் குளோரின் நீக்கியதாகவும் அதே வெப்பநிலையிலும் இருக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகு குறைந்தது ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக.

தடுப்பு

மீன் இல்லாத தொட்டியில் இந்த ஒட்டுண்ணி நீண்டகாலம் வாழ்வதில்லை. ஆகவே பெரும்பாலும் புதிய மீன், அது வந்த பையின் நீர், பிற தொட்டியின் செடி, ஈரமான வலை ஆகியவற்றின் வழியாகவே தொட்டிக்குள் நுழைகிறது. சென்னை கொளத்தூர் போன்ற பெரிய வண்ணமீன் சந்தைகளில் பல இடங்களிலிருந்து வந்த மீன்கள் அருகருகே வைத்து விற்கப்படுகின்றன. எங்கு வாங்கினாலும் புதிய மீனை 2 முதல் 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மழைக்காலத்தில் நீரின் வெப்பநிலை திடீரெனச் சரிவதும், தொட்டியில் மீன்களின் நெரிசலும், அம்மோனியா மிகுந்த நீரும் மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. நோயிலிருந்து பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. ஆனால் அவற்றில் சில, வெளியே தெரியாத சிறு தொற்றைச் சுமக்கக்கூடும். எனவே நோய் நீங்கிய தொட்டியிலும் புதிய மீனுக்குத் தனித்தொட்டி முறையைக் கைவிடக் கூடாது.