பங்குப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: குடும்ப வரலாற்று ஆய்வுக்கு ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

குடும்ப வரலாற்றை ஆராய்வோர்க்குக் கிறித்தவத் திருச்சபைகளின் பழைய பதிவேடுகள் முதன்மையான சான்றுகளாக அமைகின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய நிகழ்ச்சிகள் நாள், பெயர், பெற்றோர், சாட்சி என்னும் விவரங்களோடு அவற்றில் எழுதப்பட்டுள்ளன. கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசரும் கொடையாளரும் பேசப்படுகின்றனர். வரிக்கணக்குகளில் நிலமுடையோர் இடம்பெறுகின்றனர். நிலமற்றோர், பெண்கள், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகள் ஆகியோர் பெயரோடு எழுத்தில் ஏறிய இடம் பெரும்பாலும் பங்குக் கோயிலின் பதிவேடே ஆகும்.

இச்சான்றுகளைப் பயன்படுத்துவோர் பதிவேட்டில் உள்ள பெயரை அவ்வாறே ஒருவரின் பெயராகக் கொண்டுவிடுகின்றனர். அதனால் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிவதும், தொடர்பில்லாத இரு குடும்பங்கள் ஒன்றாவதும் நேர்கின்றன. தமிழர் பெயரைத் தமிழரல்லாத குருவோ எழுத்தரோ எழுதிய பதிவுகளில் இச்சிக்கல் மிகுதி. அங்குள்ள வரிவடிவம், ஒருவர் சொன்ன பெயரை மற்றொருவர் தம் மொழியின் ஒலியமைப்புக்கேற்பக் கேட்டு எழுதியதன் விளைவாகும். எனவே அதைப் படிப்பது ஒரு மீட்டுருவாக்கப் பணி என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. ஸ்காட்லாந்தின் பழைய பங்குப் பதிவேடுகள் ஒப்பீட்டிற்காகவும், புதுச்சேரிப் பதிவேடுகள் விரிவான எடுத்துக்காட்டாகவும் கொள்ளப்படுகின்றன.

2. பதிவு முறையின் தோற்றம்

பிரான்சில் 1539இல் பிறப்பிக்கப்பட்ட வில்லேர் - கொத்தெரே ஆணை, பங்குக் குருமார் ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என விதித்தது. கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்குமாகத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய இலத்தீன் வாசகத்தை வகுத்தளித்தது. இந்த வாய்பாடு பின்னர் இந்தியக் கடற்கரைக்கும் வந்தது. பதிவின் சட்டகம் இலத்தீன் அல்லது ஓர் ஐரோப்பிய மொழியிலும், அதனுள் வரும் பெயர்கள் வேறொரு மொழிக்கு உரியனவாகவும் அமைந்தமைக்கு இதுவே காரணமாகும்.

3. ஸ்காட்லாந்துப் பதிவேடுகள்

ஸ்காட்லாந்தில் 1855 சனவரி முதல் நாளன்று அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முந்திய ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகள் 'பழைய பங்குப் பதிவேடுகள்' என வழங்கப்படுகின்றன. ஏறத்தாழ 900 பங்குகளுக்கு உரிய சுமார் 3,500 தொகுதிகள் எடின்பரோவில் பேணப்படுகின்றன. அவற்றுள் மிகப் பழையது எரல் என்னும் பங்கிற்கு உரியது, 1553இல் தொடங்குகின்றது.

இப்பதிவேடுகள் முழுமையானவை அல்ல. 1733 முதல் தாய்ச்சபையிலிருந்து பிரிந்து சென்றோர் பலர் அவற்றில் இடம்பெறவில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. வறியோர் பலர் பதியாமலே விட்டனர். ஒரு பெயர் பதிவேட்டில் இல்லை என்பதால் அப்பெயருடையார் அவ்வூரில் இல்லை எனக் கொள்ளலாகாது.

மொழியியல் நோக்கில் கருதத்தக்கது மற்றொன்று. மேட்டுநிலப் பகுதியில் மக்கள் பேசிய மொழி கேலிக்; பதிவின் மொழியோ ஆங்கிலம். கேலிக் மொழியில் கில்லெஸ்பிக் என அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் ஆர்ச்சிபால்ட் ஆனார். தொர்மொட் என்பவர் நார்மன் ஆனார். இவ்விணைகளுக்கிடையே பொருளொற்றுமையும் இல்லை. ஒலியொற்றுமையும் மிகக் குறைவு. இவை வழக்கினால் நிலைபெற்ற ஈடுகளாகும். ஷெட்லாந்துத் தீவுகளிலோ தந்தை பெயரை ஒட்டி மகன் பெயர் அமையும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவியது. அங்கே குடும்பப் பெயரைத் தேடி மேற்செல்ல இயலாது; தலைமுறைதோறும் பெயர் மாறும். தந்தை பெயரையே முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபை அறிந்தோர்க்கு இந்நிலை புதியதன்று.

4. தமிழ் வழங்கும் பகுதிகளின் பதிவேடுகள்

தமிழ் வழங்கும் பகுதிகளில் இத்தகைய பதிவுகள் பல மரபுகளைச் சார்ந்தவை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, 1707 மே 12ஆம் நாள் ஐவருக்கு முதல் ஞானஸ்நானம் அளித்தார். அவ்வைவரும் ஐரோப்பியரிடம் அடிமைகளாக இருந்தோர். 1780இல் தமிழில் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியல், குளோரிந்தாளைத் தலைமையாகக் கொண்ட நாற்பது பேரின் பெயர்களைத் தருகின்றது. ஒலிச்சிதைவு இல்லாத இத்தகைய தமிழ்ப் பட்டியல்கள், பிறமொழிப் பதிவுகளைச் சரிபார்க்க உதவும் அரிய துணைகளாகும்.

இலங்கையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. கம்பெனியின் ஆட்சியில் பங்குதோறும் இருந்த பள்ளி ஆசிரியர் ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் பதிந்தார். இவை 'பள்ளித் தோம்பு' எனப்பட்டன. தோம்பு என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. இங்கே எழுத்தர் உள்ளூர் ஆசிரியராக இருக்க, வாய்பாடு அயலாருடையதாக இருந்தது.

புதுச்சேரியில் 1674இல் பிரெஞ்சுக் குடியேற்றம் தொடங்கிற்று. 1676 முதலான பதிவுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியரின் ஆன்மிகப் பொறுப்பு கப்புச்சின் சபையாரிடமும், தமிழ்க் கிறித்தவரின் பொறுப்பு இயேசு சபையாரிடமும் இருந்தது. ஆகவே யாருடைய பதிவு எந்தக் கோயிலில் இருக்கும் என்பதை முதலில் உறுதிசெய்து கொள்ள வேண்டும். ஆளுநராக இருந்த ஆல்பிரெட் மர்த்தினோ, பழைய பதிவுகளின் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிட்டார். குளோசே தெர்ரே அப்பணியைத் தொடர்ந்தார். 1776ஆம் ஆண்டின் அரசாணைப்படி குடியேற்ற நாட்டுப் பதிவுகளின் படி ஒன்று பிரான்சுக்கு அனுப்பப்பட வேண்டியதாயிற்று. இப்படிகள் இன்று எக்ஸ்-அன்-புரொவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

5. பிரெஞ்சு வரிவடிவத்தில் தமிழ் ஒலிகள்

உரோமன் எழுத்தில் எழுதப்படும்போது தமிழின் பல ஒலி வேறுபாடுகள் மறைகின்றன. ல, ள, ழ ஆகியவை பெரும்பாலும் ஒரே எழுத்தால் குறிக்கப்படுகின்றன. ர, ற வேறுபாடும் ன, ண வேறுபாடும் நீங்குகின்றன. உயிரின் குறில் நெடில் காட்டப்படுவதில்லை. 'வி, ஏ, எல், ஐ' என்னும் நான்கெழுத்து வடிவத்தை வள்ளி, வல்லி, வாலி என மூவகையாகவும் படிக்க இயலும்.

இவை உரோமன் எழுத்துக்குப் பொதுவான இழப்புகள். பிரெஞ்சு எழுத்தர்க்கே உரிய நான்கு வழக்குகள் தனியே கருதத்தக்கவை.

முதலாவது, உகரத்தை 'ஓ, யூ' என்னும் இரண்டெழுத்தால் எழுதுதல். டச்சுக்காரர் இதையே 'ஓ, இ' என்றும், ஆங்கிலேயர் 'யூ' அல்லது இரட்டை 'ஓ' என்றும் எழுதினர். எனவே முத்து என்னும் பெயர் அகரவரிசைச் சுட்டியில் எழுதியவரின் மொழிக்கேற்ப வெவ்வேறு இடங்களில் சிதறும்.

இரண்டாவது, சகரத்தை இரட்டை 'எஸ்' கொண்டு எழுதுதல். பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் ஒற்றை 'எஸ்' குரலொலியாக மாறும். அதைத் தவிர்க்கவே ராமசாமி, வீராசாமி போன்ற பெயர்களில் 'எஸ்' இரட்டித்தது. இவ்விரட்டிப்பைத் தமிழின் ஒற்றிரட்டிப்பாகக் கொள்ளலாகாது. மாறாக, சுப்பராயன் என்னும் பெயரில் உள்ள ப்ப ஒற்றைப் 'பி'யாக எழுதப்படுவதும் உண்டு.

மூன்றாவது, ழகரத்தை 'ஜே' என்னும் எழுத்தால் குறித்தல். பழனி, குழந்தை ஆகிய பெயர்கள் புதுச்சேரி ஆவணங்களில் இவ்வாறு எழுதப்பட்டன. பிரெஞ்சு 'ஜே' உரசொலியாதலின் அவர்தம் செவிக்கு அது ழகரத்தை அணுகியதாகத் தோன்றியிருக்கலாம். ஆங்கில வழக்கில் பயின்றவர் அதைப் 'பஜனி' எனப் படிப்பார். பழனி என்னும் முன்னோரைத் தேடுபவர்க்கு அப்பதிவு அகப்படாது. ழகரத்தை லகரமாகவே எழுதும் ஆங்கில ஆவணத்தோடு இதை இணைக்கவும் முடியாது.

நான்காவது, இறுதி னகரத்தின்பின் ஒலிக்கப்படாத 'இ' என்னும் எழுத்தைச் சேர்த்தல். அது இல்லையேல் பிரெஞ்சு வாசிப்பில் முருகன் என்பதன் ஈறு மூக்குயிராகிவிடும். இவ்வெழுத்தை ஏகார ஈறாகக் கருதி விளி வடிவம் எனக் கொள்வது பிழையாகும்.

இந்நான்கு அடையாளங்களும் தமிழர் புலம்பெயர்ந்த வழியைக் காட்டவும் பயன்படுகின்றன. 1854இல் குவாதலூப்புக்கு முதல் இந்தியத் தொழிலாளர் கப்பல் சென்றது. 1861ஆம் ஆண்டின் ஆங்கில - பிரெஞ்சு உடன்படிக்கைக்குப்பின் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாக ஆட்கள் சென்றனர். இரட்டை 'எஸ்' கொண்ட வீராசாமி என்னும் குடும்பப் பெயர் அங்கும் ரெயூனியோனிலும் வழங்குகின்றது. 1860 முதல் தமிழர் சென்ற நேட்டாலில் அதே பெயர் ஆங்கில முறையில் எழுதப்பட்டது. மொரீசியசில் ஆறுமுகம், முருகன் என்னும் தனிப்பெயர்கள் திரிந்து பரம்பரைக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. அங்கே குடும்பப் பெயரின் தொடக்கம் பலவேளைகளில் கப்பலேறிய ஒருவரின் இடுபெயரே ஆகும். அதற்கு முந்திய தலைமுறைக்கு அப்பெயரைக் கொண்டு செல்ல இயலாது.

6. மொழிபெயர்க்கப்பட்ட பெயர்கள்

ஒலிபெயர்ப்பைவிட மொழிபெயர்ப்பு அதிகக் கவனத்தை வேண்டுகின்றது. தமிழ்க் கத்தோலிக்கர் புனிதர் பெயர்களைப் பலவகையாக ஏற்றுக்கொண்டனர். சூசை, இன்னாசி, சந்தியாகு ஆகியவை ஒலிவழி வந்தவை. பவுல் என்னும் பெயர் இலத்தீனில் 'சிறியவர்' எனப் பொருள்படுதலின் சின்னப்பன் ஆயிற்று. யோவான் என்பதன் மூலப்பொருளில் இறையருள் என்னும் கருத்து இருத்தலின் அருளப்பன் ஆயிற்று. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டபிள்ளை, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். லாசர் என்னும் அவருடைய ஞானப்பெயரின் தமிழாக்கமே தேவசகாயம்.

ஆகவே இலத்தீன் பதிவில் பவுல் என இருப்பவர் ஊரில் சின்னப்பனாகவும், சந்தியாகு என அழைக்கப்பட்டவர் பதிவில் யாக்கோபாகவும் இருக்கக்கூடும். எனினும் சின்னப்பன் என்பது கிறித்தவரல்லாதாரிடையேயும் வழங்கும் பெயர். பெயரை மட்டும் கொண்டு சமயத்தைத் துணிதல் பொருந்தாது.

7. படிக்கும் முறை

மேற்கண்ட இயல்புகளிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். அறிந்த தலைமுறையிலிருந்து அறியாத தலைமுறைக்குப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஒரு பெயரை ஏற்குமுன் அப்பதிவேட்டில் கையொப்பமிட்ட குருவின் எழுத்துப் பழக்கத்தை அட்டவணைப்படுத்த வேண்டும். உறுதியாக அறியப்பட்ட ஊர்ப்பெயர்களை அவர் எவ்வாறு எழுதினார் என்பது இதற்கு நல்ல திறவுகோலாகும். குரு மாறிய ஆண்டில் பெயரின் வடிவமும் மாறலாம். அது குடும்பம் மாறியதற்குச் சான்றாகாது.

பெயரொன்றைத் தனித்துக் கொள்ளாமல் தந்தை, தாய், ஊர், ஞானப்பெற்றோர், சாட்சிகள் ஆகிய முழுப் பதிவையும் ஒருசேர நோக்க வேண்டும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராதலின், ஒரு பெயர் ஐயத்துக்குரியதாயினும் பெயர்களின் தொகுதி ஒரு குடும்பத்தை அடையாளங்காட்டும்.

பதிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் பதிவின் மூல வடிவத்தைத் திருத்தாமல் அவ்வாறே தரவேண்டும். அதனருகே மீட்டுருவாக்கிய தமிழ் வடிவத்தை, ஒப்பிலக்கணத்தில் செய்வதுபோல, உடுக்குறியிட்டுக் காட்டலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு இயலுமாயின் அனைத்தையும் தருதல் வேண்டும்.

8. பதிவும் வாழ்வும்

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. 1880ஆம் ஆண்டின் ஆணை பிரெஞ்சு இந்தியாவில் வாழ்ந்த இந்தியர்க்கும் குடிமைப் பதிவு விதிகளை விரித்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் தனிச்சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வந்தோர் ஒரு குடும்பப் பெயரை மேற்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, கதவு எனப் பொருள்படும் 'லபோர்த்' என்னும் பெயரை ஏற்றார். ஓராணையால் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பெயர்த்தொடர்பு அறுந்ததையும், புதிய தொடர்பு தொடங்கியதையும் இங்குக் காண்கிறோம்.

1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அங்குப் பிறந்து அங்கேயே வாழ்ந்தோர், ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம் என அது வகுத்தது. பின்னர் அவ்வுரிமையை நிறுவ வேண்டிய வழித்தோன்றல்கள் பாட்டன், பூட்டன் பதிவுகளைத் தேடிச் சென்றனர். ஒருவர் பெயர் ஓர் ஆவணத்தில் ஒற்றை 'எஸ்' உடனும் மற்றொன்றில் இரட்டை 'எஸ்' உடனும் இருந்தால், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை அவர்மேல் விழும். எழுத்தரின் செவி வேறுபாட்டை விளக்கவல்ல மொழியியலார் அங்கே பயன்படுவர்.

மீட்டுருவாக்க இயலாத இடங்களும் உண்டு. அடிமைகளைக் குறித்த பதிவுகளில் உடைமையாளரின் பெயர் தெளிவாக இருக்க, ஞானஸ்நானத்திற்கு முந்திய பெயர் பலவேளைகளில் எழுதப்படவில்லை. ஐரோப்பியருக்குக் குழந்தை பெற்ற இந்தியப் பெண்கள் பலர் புனிதர் பெயர் ஒன்றால் மட்டுமே குறிக்கப்பட்டனர். சிலர் பெயரே இன்றி விடப்பட்டனர். அவர்தம் தந்தை பெயரோ ஊரோ காணப்படாமையால் தாய்வழி அங்கே முற்றுப்பெறுகின்றது. இத்தகைய இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே காட்டுதல் பதிப்பாளரின் கடமையாகும்.

9. முடிவுரை

பங்குப் பதிவேடு குடும்ப வரலாற்றுக்கு இன்றியமையாத மூலம். ஸ்காட்லாந்தின் கேலிக் பெயர்களாயினும் புதுச்சேரியின் தமிழ்ப் பெயர்களாயினும், பேசிய மொழியும் பதிந்த மொழியும் வேறாக இருந்த இடங்களில் எழுத்தரின் ஒலியமைப்பை அறிந்த பின்னரே பெயரை அறிய முடியும். எழுத்தர்தோறும் அட்டவணை, மூல வடிவத்தோடு உடுக்குறியிட்ட தமிழ் வடிவம், அறியப்படாத பெயர்க்கு வெற்றிடம் என்னும் மூன்றும் அமைந்த பதிப்புகள் வெளிவருமாயின், குடும்ப வரலாற்றாளர்க்கு உதவுவதோடு, தமிழ்ப் பெயரியலுக்கும் பதினேழாம் நூற்றாண்டு முதலான தமிழ்ப் பேச்சொலி ஆய்வுக்கும் அவை நல்ல தரவுகளாக அமையும்.