தொப்பூர் ஏறிய டிஸ்போசல் லாரிகள்

நல்லம்பள்ளி ரோட்டோரம் ஒரு டீக்கடையில அரை மணி நேரம் உட்கார்ந்தா போதும், இந்தியாவில் ஓடுற எல்லா லாரியையும் பார்த்துடலாம். பெங்களூர்ல இருந்து சேலம் போறது, சேலத்துல இருந்து மேலே வர்றது எல்லாமே இந்த வழிதான். கொஞ்சம் தெற்கே தொப்பூர் கணவாய். சேலம் பக்கத்துல இருந்து வர்ற லோடு வண்டி அங்கே மூச்சு வாங்கி ஏறித்தான் தர்மபுரி மேட்டுக்கு வரணும்.

டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது 1954ல். சென்னை அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது 1955ல். அப்போ 1946க்கும் 1955க்கும் நடுவில் நம்ம ஊர் சரக்கை எது இழுத்தது? புது வண்டிகளும் கொஞ்சம் இறக்குமதி ஆகின. ஆனால் பழைய டிரைவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் வேறு: ‘டிஸ்போசல் வண்டி’, அதாவது ராணுவம் கழித்துவிட்ட லாரி.

இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனைக்கான பின்தளமே இந்தியாதான். அதனால் வண்டிகள் வந்து குவிந்தன. கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலெட்டும் ராணுவத்துக்காகச் செய்த லாரிகள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பகுதி பாகம் பாகமாக இங்கே வந்து, இந்தியாவில் இருந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் பூட்டப்பட்டது. அமெரிக்கப் படை தன் பங்குக்கு ஜி.எம்.சி. ஆறு சக்கர லாரிகளையும் ஜீப்புகளையும் கொண்டுவந்தது. 1945ல் போர் முடிந்தது. இத்தனையையும் திரும்ப ஏற்றிப் போக யாருக்கும் மனசில்லை. மே 1946ல் அமெரிக்காவோடு கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம் போட்டபோது அவர்களின் மிச்ச தளவாடமும் இந்திய அரசின் கைக்கு வந்தது. விற்றுத் தள்ளுவதற்கென்றே ‘டிஸ்போசல்ஸ்’ என்று ஒரு துறை இருந்தது. வண்டிக்குப் பெயர் வந்த கதை அதுதான்.

வாங்குற ஆளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. போர்க்காலம் முழுக்கப் பெட்ரோல் ரேஷன். பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பைக் கட்டி, அந்த வாயுவில் ஓட்டிய காலம். மதுரை டி.வி.எஸ். அந்த காஸ் பிளான்ட்டைச் செய்தே விற்றார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் 95 குதிரைசக்தி வி8 எஞ்சின் போட்ட லாரி ஏலத்துக்கு வந்தால் விடுவார்களா?

ஆனால் ஓட்டுறது லேசில்லை. கனடா லாரிக்கு மூக்கே கிடையாது. எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேகும். பின்னாளில் வந்த மாடலில் முன்கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி, மேலே போற விமானத்துக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஃபோர்டு வி8ல் புகை வெளியேறும் வழி எஞ்சின் பிளாக்கின் உள்ளேயே போகிறது. அந்தச் சூடு முழுக்க ரேடியேட்டர் தண்ணீரில் இறங்கும். தொப்பூர் மாதிரி ஏற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத எஞ்சின் வேண்டுமா? அமெரிக்க ஜி.எம்.சி.யில் இன்னொரு தொல்லை: ஸ்டீயரிங் இடது பக்கம். முந்தணும்னா எதிரில் வருவது டிரைவருக்குத் தெரியாது, கிளீனர் எட்டிப் பார்த்துச் சொல்லணும். லிட்டருக்குச் சுமார் 3 கிலோமீட்டர்தான் கொடுக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று சக்கரத்தில் இருந்தது. கனடா, பிரிட்டிஷ் ராணுவ லாரிகளின் டிஸ்க் இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தது. ஆகவே ஒரே சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள். உள்வட்டம் சக்கரத்தை வண்டியில் பிடிக்கும். வெளிவட்டம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் டிஸ்க் வெடித்துப் பிரியும், எதிரில் இருப்பவன் உயிர் தங்காது. அதனால் அந்த நட்டுகளுக்கு ராணுவம் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு அந்தச் சிவப்பின் அர்த்தம் தெரியும். ஏலத்தில் வண்டி கை மாறி, புதுப் பெயின்ட் ஏறி, ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு வந்தபோது அங்கே இருந்த பையனுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? மலிவு விலையின் இன்னொரு பக்கம் இதுதான். வண்டி விற்பனைக்கு வந்தது, அதோடு இருந்த பயிற்சி வரவில்லை.

இருந்தும் நம்ம ஆட்கள் சமாளித்தார்கள். ஓடாத வண்டியைக் கழற்றி ஓடுற வண்டிக்குப் பாகம் எடுப்பது, மரத்தில் பாடி கட்டுவது, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவது. பிரிட்டனின் பெர்கின்ஸ் பி6, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், இந்த மாற்றத்துக்கு ரொம்பப் பேர் போனது. 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனியே அதைத் தயாரித்தது. ரங்கூனில் இதே கனடா செவ்ரோலெட்டுகள் டவுன் பஸ்ஸாக மாறி, போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்தும் ஓடின. மணிலாவில் அமெரிக்க ஜீப்பை நீட்டிக் கட்டியது ‘ஜீப்னி’ ஆனது. இங்கே புது லேலண்டும் டாடாவும் வந்ததும் டிஸ்போசல் வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த தலைமுறை ராணுவ வண்டி ஜபல்பூரில் பிறந்தது. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் சக்திமான் லாரி, நிஸான் வடிவமைப்பில் ஜோங்கா ஜீப். இவையும் வயதானதும் ஏலத்துக்கு வந்தன. ராணுவ வண்டிக்கு சிவில் ஆர்.சி. புத்தகம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவின்படி அதன் பதிவே தனி. விற்ற பிறகு வாங்கியவர் புதிதாகப் பதிவு செய்தால்தான் ரோட்டில் ஏறலாம். ஏலத்தில் எடுக்க நினைக்கிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் பேப்பரைப் பார்க்கணும். ஸ்கிராப் என்று விற்ற வண்டியை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் நம்பர் பிளேட் கிடைக்காது.

இப்போ அந்தக் கதவும் கிட்டத்தட்ட மூடியாச்சு. ஏப்ரல் 2023 முதல் அரசு வண்டிகளின் பதிவு 15 வருஷத்தோடு முடிகிறது. கவச வண்டி மாதிரியான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவை பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குப் போகணும். புகை, பாதுகாப்பு இரண்டையும் நினைத்தால் அது சரிதான். ஆனால் தொப்பூர் ஏறிய முதல் தலைமுறை லாரியில் ஒன்றைக்கூட நம்ம பக்கம் பத்திரமா நிறுத்தி வைக்கவில்லையே என்ற குறை எனக்கு இருக்கு. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் மூக்கில்லாத லாரி முன்னால் யாராவது நிற்கும் போட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. சக்கரத்தைப் பெரிதாக்கிப் பாருங்க, இரண்டு வட்டமாக நட்டு தெரியும்.