முகம் பார்க்காத சாவுகள்

1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் பம்பாய் நகரத்தில் யார் யாரைக் கொண்டுபோனது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நகரச் சுகாதாரத் துறை போட்ட கணக்கு அது. ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. முஸ்லிம்கள் 19.2. மற்ற இந்துக்கள் 18.9. ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று அதில் எழுதப்பட்ட நம் சனங்கள் 61.6.

காய்ச்சலுக்குச் சாதி தெரியாது என்பார்கள். காய்ச்சலுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே அறையில் பத்துப் பேர் படுப்பது யார், தண்ணீருக்கு வரிசையில் நிற்பது யார், படுத்துவிட்டால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆளில்லாதது யாருக்கு என்பது ஊருக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு சனத்தொகை குறைந்துபோனது 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து வருசத்தில்தான்.

நூறு வருசம் கழித்து, 2020இல், தமிழ்நாட்டு அரசு தினமும் ஒரு கொரோனா அறிக்கை வெளியிட்டது. செத்தவர்களின் வயது இருந்தது. ஆணா பெண்ணா என்று இருந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று கூடவே இருந்த நோயும் இருந்தது. சாதி இல்லை. குழி வெட்டியது யார், எந்த வழியாகத் தூக்கிப் போனார்கள், கடைசியாக முகம் பார்த்தது யார் என்பதும் இல்லை. அந்த அறிக்கையில் இல்லாததைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குழியில் இறக்குவதற்கு முன்னால் வெட்டியான் ஒரு குரல் கொடுப்பார். “மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க.” அதோடு பறை நிற்கும். பேசாமல் கிடந்த அண்ணன் தம்பி கூட அப்போது கிட்டே வந்து பார்ப்பார்கள். வாய்க்கரிசி போடுவார்கள். ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்குச் சேதி சொல்லப் போனது நாம். பறை அடித்தது நாம். குழி வெட்டியதும் நாம். அத்தனை சாவுக்கும் ஆளாகப் போன நம் சனங்களுக்குத் தங்கள் சொந்தச் சாவின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்ததா என்று தேடினால், என் குடும்பத்திலேயே மூன்று தலைமுறைக்கு இல்லை என்று பதில் வருகிறது.

தென்னார்க்காட்டுப் பண்ணைகளில் படியாளாகக் கிடந்தவன் அதைவிட்டு வெளியேற இருந்த வழிகளில் ஒன்று கப்பல். கங்காணி வந்து முன்பணம் கொடுப்பான். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆதிதிராவிடர் என்று வரலாறு எழுதியவர்கள் மதிப்பிடுகிறார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலின் பெயர் எங்கள் காலனிக் கிழவிகளின் வாயில் ஏதோ பக்கத்து ஊர் பஸ் மாதிரி வரும். கப்பல் கரை சேர்ந்ததும் கூலிகளை நேரே தோட்டத்துக்கு விட்டுவிட மாட்டார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு. சிங்கப்பூருக்குப் போனால் செயின்ட் ஜான் தீவு. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கரையிலேயே மண்டபம் முகாம். அம்மையா, காலராவா என்று பார்த்து, அடைத்து வைத்து, பிறகுதான் வேலைக்கு. ‘தனிமைப்படுத்தல்’ என்ற வார்த்தையை 2020இல் எல்லோரும் புதுசாகக் கற்றுக்கொண்டார்கள். நம் முப்பாட்டன்மார் அதற்குள் படுத்து எழுந்தவர்கள்.

எங்க ஆயாவோட அப்பா 1937இல் போனார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருசம் சூன் மாதம் மலேயாவுக்குக் கூலி அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆயா அப்போது கைப்பிள்ளை. கெடாவில் ரப்பர்த் தோட்டம், மாசம் ஒரு கடுதாசி, எப்போதாவது பணம். 1941 டிசம்பரில் சப்பான்காரன் மலேயாவில் இறங்கியதும் கடுதாசி நின்றுபோனது.

பிறகு நடந்தது சயாம் ரயில். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூலி தருகிறோம் என்று சொல்லியும் பிடித்துக்கொண்டும் லாரியிலும் ரயிலிலும் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகர் என்று ஆசியக் கூலிகள் செத்தது 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் 6,982 கைதிகளுக்குக் குழி இருக்கிறது, வரிசையாகக் கல் இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறது. பக்கத்தில் அதே தண்டவாளத்துக்கு மண் சுமந்து செத்த நம் ஆளுக்குப் பெயர் போட்ட கல் கிடையாது.

சண்டை முடிந்து மூன்று வருசத்துக்குப் பிறகு, திரும்பி வந்த பக்கத்து ஊர் ஆள் ஒருவர் சேதி சொன்னாராம். ஆயா இதைச் சொல்லும்போது அழாது.

“எங்கம்மா அழுவலடா. அழுவறதுக்குப் பொணம் வேணுமில்ல? செத்துப்போச்சின்னும் சொல்ல முடியல, இருக்குதுன்னும் சொல்ல முடியல. சேதி வந்தப்பறம் அது உட்டுட்டுப் போன வேட்டி ஒண்ண மடிச்சி வச்சி, கெழக்கப் பாத்து ஒக்காந்து மாரடிச்சாங்க. தாலிய அன்னிக்குத்தான் கழட்டுச்சி.”

பிணம் இல்லாத சாவுக்கு ஒரு முறையை நம் பெண்கள் அப்படித்தான் உண்டாக்கினார்கள். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத முறை. கப்பல் போன திசையைப் பார்த்து உட்காருவது.

ஆயா கல்யாணமாகி, 1958 வாக்கில் நெய்வேலிக்குச் சித்தாள் வேலைக்கு வந்தது. 1930களில் சம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் நெய்வேலியின் வரலாற்றை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நேர்கோட்டில் தெரு, இரண்டு பக்கமும் மரம், வட்டம் வட்டமாகக் குடியிருப்பு என்று ஒரு நகரியம் எழும்பியது. அந்த வட்டங்களுக்குச் சாந்துச் சட்டி சுமந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கமும் சுற்றியிருந்த காலனிகளிலும் தங்கினார்கள்.

நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அள்ளிக் கொட்டியபோது அந்த மண்ணோடு ஊர்களும் போயின. 1894ஆம் வருசத்து நிலக் கையகப்படுத்தும் சட்டம் நிலத்துக்கு உடையவனுக்குப் பணம் கொடுத்தது. அதே நிலத்தில் அண்டை வெட்டியவனுக்கு எதுவும் சொல்லவில்லை. சேரிச் சுடுகாடு பெரும்பாலும் புறம்போக்கில்தான் இருக்கும். அதற்குப் பட்டா ஏது, இழப்பீடு கேட்பது யார்? சனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம். குழிக்குள் இருப்பவர்கள் எழுந்து போக முடியாது. நிலக்கரியால் நாட்டுக்கு வெளிச்சம் வந்தது உண்மை. அந்த வெளிச்சத்துக்குக் கீழே யார் யாருடைய பாட்டன் பூட்டன் என்று எந்தச் சுரங்க வரைபடமும் சொல்வதில்லை.

2020 பிப்ரவரியில் நான் கெடாவுக்குப் போனேன். சயாமுக்குத் தப்பி, தோட்டத்திலேயே தங்கிவிட்ட தம்பிக்காரரின் பேரப்பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார்கள். முறைக்கு மாமா. ஆயா அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. “அப்பன் எங்க கெடக்குதுன்னு யாரையாவது கேட்டுக்கினு வாடா” என்று சொல்லி அனுப்பியது. மாமாவுக்குத் தெரிந்தது ஒரு வரிதான். “பெரியவரு சயாமுக்குப் போனாரு, திரும்பல.” அவர்கள் பால் வெட்டிய தோட்டம் இப்போது வீட்டுமனை. தோட்டத்துக் கோயிலைக்கூட இடம் மாற்றிவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் இருந்தோம்.

மார்ச் 17இல் மலேசியாவிலிருந்து யாரும் வரக்கூடாது என்று இந்தியா அறிவித்தது. 18இல் மலேசியா ஊரடங்கு போட்டது. 22இல் இந்தியா எல்லா வெளிநாட்டு விமானத்தையும் நிறுத்தியது. ஏழு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று இருந்த ஊர், ஆயாவின் அப்பா போன ஊர் மாதிரி ஆகிப்போனது.

இங்கே கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போயிருந்த நம் பையன்கள் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் 122 பேருக்குத் தொற்று. சென்னைக்கு அடுத்தபடி நாங்கள்தான். மறுநாள் கோயம்பேட்டை மூடினார்கள். சென்னைக்கே காய்கறி இறக்கியவன் ஒரே ராத்திரியில் நோய் கொண்டுவந்தவன் ஆனான். எங்கள் காலனிக்கு வரும் பாதையில் முள் வெட்டிப் போட்டார்கள். ‘சமூக இடைவெளி’ என்று ரேடியோவில் சொன்னபோது காலனிப் பெருசு ஒன்று கேட்டதாம், “இத இப்பதான் கண்டுபிடிச்சாங்களா?”

சிங்கப்பூரிலும் இதே கதை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பங்களாதேசப் பிள்ளைகளும் ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து பேர் என்று தங்கிய விடுதிகளைப் பூட்டினார்கள். அந்த வருசம் முடிவதற்குள் விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. நெய்வேலியில் கொதிகலன்கள் நிற்கவில்லை. எல்லோரும் வீட்டில் அடைந்திருக்க மின்சாரம் வேண்டுமே. சூலை 1 காலை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து 6 பேர் அங்கேயே செத்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஊரடங்கில் அந்தச் சாவுகளுக்கு எத்தனை உறவுக்காரர்கள் போயிருக்க முடியும்?

ஆயா செத்தது சூன் மாதம். மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் கதை முடிந்தது. உடம்பைப் பையில் போட்டு இழுத்து மூடிக் கொடுத்தார்கள். ஊர்த்தெரு வழியாக வண்டி வரக்கூடாது, நோய் பரவும் என்று மறித்தார்கள். நோய் இல்லாத காலத்திலும் அந்தத் தெரு வழியாக எங்கள் பாடை போனதில்லை. வண்டி வாய்க்கால் கரையைச் சுற்றிப் போய் நின்றது. மீதி வழிக்கு நாலு பேர் தூக்கினார்கள். வெள்ளை உடுப்புக்குள் இருந்த அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் காலனிப் பையன்கள், ஒப்பந்தத் துப்புரவு வேலைக்காரர்கள்.

அப்பாவையும் தூரத்தில் நிறுத்திவிட்டதால், அந்தப் பையன்களில் ஒருத்தன் கையில்தான் போன் இருந்தது. நான் கெடாவில் பார்த்துக்கொண்டிருந்தேன். குழிக்கு மேலே வைத்ததும் அவன் பழக்க தோசத்தில் குரல் கொடுத்தான். “ஆயா மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க.” பை மூடியபடி இருந்தது. அவனும் போனைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இறக்கினார்கள்.

பிற்பாடுதான் படித்தேன். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிமுறையில், முகப் பக்கம் பையைத் திறந்து உறவினர் கடைசியாகப் பார்க்கலாம் என்று இருக்கிறது. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் தடை இல்லை. அதை எங்கள் வீட்டு ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. விதி இருப்பதும் அது சேரி வரைக்கும் வந்து சேர்வதும் வேறு வேறு.

அன்றைக்குக் கெடாவில் அத்தை சன்னல் பக்கம் போய் மேற்கே பார்த்து உட்கார்ந்தார். எங்க ஆயாவை அவர் பார்த்ததே கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி, சன்னமாக, ஒப்பாரி வைத்தார். எழுபத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் கிழக்கே பார்த்துப் போட்ட மாரடி மேற்கே திரும்பி வந்தது.

இந்தியர்களைத் திருப்பிக் கூட்டிவரும் விமானங்கள் மே மாதமே தொடங்கிவிட்டன. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து, ஆகஸ்டில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதற்குள் காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அந்த வருசம் ஏப்ரல் 19இல் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அடக்கம் செய்யப் போனவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. கூட வேலை பார்த்த டாக்டர் ராத்திரியில் தன் கையால் மண் தள்ளிப் புதைத்தார். நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஒரே வாரத்தில், ஏப்ரல் 26இல், தொற்றுநோயில் இறந்தவர்களின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருசம் வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது.

அதற்கு எட்டு மாதம் முன்னால், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அவர் தொற்றுநோயில் சாகவில்லை. படம் வெளியாகி, உயர்நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. சுடுகாட்டைப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமை என்று 2016 சனவரியிலிருந்தே சட்டம் சொல்கிறது. டாக்டருக்கு நேர்ந்தது ஒரு நாள் கொடுமை என்பதால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. நமக்கு நேர்வது வழக்கம். வழக்கத்தைப் பார்த்து யாரும் பதறுவதில்லை.

ஆகவே நம் சாவுகளை நாமே எழுத வேண்டியிருக்கிறது. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டு போதும். செத்தது யார், எங்கே, எதனால், தூக்கிப்போன வழி எது, மறித்தது யார், வர முடியாமல் போனது யார், ஏன் வர முடியவில்லை. எங்கள் காலனிப் பிள்ளைகள் 2021இல், இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, வீடு வீடாகப் போய் எழுதத் தொடங்கினார்கள். கொரோனா வருசத்துக்கு மட்டும் என்று தொடங்கியது. கிழவிகள் பேச ஆரம்பித்ததும் பின்னால் பின்னால் போனது. சிங்கப்பூர், சவூதி, பம்பாய், சயாம் என்று இடங்கள் வந்தன. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுக் கொடுத்த மனுவோடு அந்த நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். அதில் முதல் பதிவு 1943, காலரா, உடல் வரவில்லை.