கால் வேலி நிலமும் ஊராட்சி நாற்காலியும்

வேலி என்பது தஞ்சை உழவர் நன்கறிந்த நில அளவு. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு காலத்தில் ஊராளும் தகுதியும் இவ்வளவினால்தான் கணிக்கப்பட்டது. கி.பி. 920ஐ ஒட்டி, முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில் பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் இறை நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். நாற்று நட்ட பெண்களுக்கு அதில் இடமில்லை.

1921இல் சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் சொத்துத் தகுதி நீடித்தது. 1950இல் அரசியலமைப்பு அதனை நீக்கியது. தமிழக ஊராட்சிகளில் 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதைப் பாதியாக்கியது.

நாற்காலி கிடைத்தது; நிலம்? 1989இல் தமிழகச் சட்டம் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது. ஆனால் நிலமே இல்லாத குடும்பத்தில் பங்கிட என்ன இருக்கிறது? 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, கீழத்தஞ்சையில் நிலமற்றோருக்கு நிலம் பெற்று, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது.

2015இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளுள் ஐந்தாவது, முடிவெடுக்கும் உரிமையையும் நில உரிமையையும் ஒன்றாகவே கேட்கிறது.

அடுத்த கிராம சபைக்குச் சென்று கவனியுங்கள்: தலைவர் நாற்காலியில் இருப்பவர் பெண்ணெனில், பேசுபவரும் அவர்தானா? பட்டாவில் உள்ளது யார் பெயர்?