தேக்கு முதல் மின்பேருந்து வரை: தாபோடி வழியாக ஒரு கொள்முதல் வரலாறு

பசுமைக் கொள்முதல் இந்தியாவில் 1990களில் பிறந்த கருத்து என்றே பொதுவாக எழுதுகிறார்கள். ஆனால் வாங்கும் பொருள் எங்கிருந்து வருகிறது, அங்கே எதை அழித்துவிட்டு வருகிறது என்ற கேள்வி அரசுக் கொள்முதலுக்குள் நுழைந்து அதற்குள் ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தக் கதையின் ஒரு முனை புனே நகரை ஒட்டி, முளா ஆறும் பவனா ஆறும் கூடும் இடத்திலுள்ள தாபோடியில் இருக்கிறது.

தொடக்கம் கப்பலில். ஓக் மரம் அருகிப்போன பிரிட்டனின் கடற்படைக்குப் பம்பாய்க் கப்பல்துறையும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கும் தேவைப்பட்டன. 1817இல் பம்பாயில் நீரில் இறங்கிய போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலையின் பெயர். தேக்கால் ஆன அந்த 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இந்தத் தேவைக்காகவே 1806இல் கேப்டன் வாட்சன் மலபாரில் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். பதவியின் பெயர்தான் காப்பாளர். பார்த்தது மரக் கொள்முதல். காட்டு உடைமையாளர்களும் மர வணிகர்களும் கொதித்தார்கள். 1823இல் பதவியே ஒழிக்கப்பட்டது.

அடுத்த முயற்சி வேறு வகை ஆளிடம் போனது. பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம் காலத்தில், 1820களின் இறுதியில், தாபோடியில் அரசுத் தாவரவியல் தோட்டம் அமைந்தது. 1838இல் அதன் கண்காணிப்பாளரானவர் ஸ்காட்லாந்துக்காரரான மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன். அவர் பொறுப்பில் தாபோடியிலும் ஜுன்னார் பக்கத்து ஹிவ்ரேயிலும் மருந்துச் செடிகள் வளர்ந்து, பம்பாய் மாகாண அரசின் மருந்துக் கிடங்குக்குப் போயின. கடல் கடந்து வாங்கிய மருந்தை அருகில் விளைவித்துக் கொடுத்தவர் அவர். ஆகவே வழங்குநரின் பக்கமும் அவருக்குத் தெரியும். 1847இல் பம்பாய் மாகாணத்தின் வனக் காப்பாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. கொங்கணத்தில் காடு வெட்டப்பட்ட இடங்களில் ஓடைகள் வற்றுவதை அவர் கவனித்து எழுதினார். மரத்தின் விலையோடு தண்ணீரின் கணக்கையும் அரசின் முன் வைத்த முதல் சிலரில் அவர் ஒருவர். 1847 முதல் 1850 வரை அவர் பெயர் தெரியாத இந்திய ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்த தாவரப் படங்கள் இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. தாபோடித் தோட்டம் 1865இல் மூடப்பட்டுக் கணேஷ்கிண்டுக்கு மாறியது.

கிப்சனைப் பசுமைப் போராளியாக்கிவிட வேண்டியதில்லை. அவர் காத்தது அரசின் மர இருப்பை. மலைவாழ் மக்களின் பெயர்ச்சிச் சாகுபடி அவர் கண்ணில் குற்றமாகவே பட்டது. ஆனாலும் வாங்குகிறவரும் காட்டுக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆளாக இருந்த அந்த அமைப்பு கவனத்துக்குரியது. பின்னால் வந்த எந்த விதியும் அந்த இரண்டையும் அப்படி நெருக்கமாகச் சேர்க்கவில்லை.

ரயில் அதைப் பிரித்தது. 1858 ஜூனில் கண்டாலாவிலிருந்து புனே வரை பாதை திறந்தது. தாபோடி அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு ஒப்பந்தக்காரர்கள் காடுகளில் இறங்கினார்கள். சென்னை மாகாண ரயில்பாதைகளுக்கு ஆண்டுக்கு 2,50,000 கட்டைகள், அதாவது 35,000 மரங்கள் வேண்டும் என்று சென்னையின் வனக் காப்பாளர் ஹியூ கிளெக்ஹார்ன் கணித்தார். கட்டையின் நீளமும் கனமும் ஒப்பந்தக் கணக்கில் வந்தன. அது நின்ற காடு வரவில்லை. 1864இல் வனத்துறை, 1865இலும் 1878இலும் வனச் சட்டங்கள். என் வாசிப்பில், ஒப்பந்தத்தைத் திருத்துவதற்குப் பதில் அரசு காட்டையே எடுத்துக்கொண்டது. விலையைக் கொடுத்தவர்கள் காட்டில் புழங்கிவந்த மக்கள்.

சுதந்திர இந்தியாவில் கொள்முதல் தாளே காட்டுக்காகத் திருத்தப்பட்டதற்குத் தெளிவான சான்று 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பின் வந்தது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்தது. நாட்டின் பெரிய கட்டுமான வாடிக்கையாளர் ஒருவர் ஒரே உத்தரவில் ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கிய நிகழ்ச்சி அது. கதவும் சன்னலும் எஃகு, அலுமினியம், பிளாஸ்டிக் என மாறின. இவற்றை உருவாக்க எரியும் எரிபொருளை யாரும் அந்த உத்தரவில் கணக்கிடவில்லை. 2020இல், மரம் கார்பனைத் தன்னுள் வைத்திருக்கும் பொருள் என்ற வாதத்தின் பேரில், தடை விலக்கப்பட்டது. ஒரு கேட்டை மட்டும் பார்க்கும் விதி, இன்னொரு கேட்டை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறது.

இதற்கிடையில் 1991இல் 'ஈகோமார்க்' முத்திரை வந்தது. உற்பத்தியாளர் விரும்பினால் பெறலாம். அரசு அலுவலகங்கள் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அது பரவவில்லை. 2024இல் புதிய விதிகள் எழுத வேண்டியதாயிற்று. எதிர்மாறான அனுபவம் எல்.இ.டி. பல்பு. பொதுத்துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். மொத்தமாக ஏலம் கேட்டு வாங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்சாதனங்களுக்குக் குறைந்தபட்ச நட்சத்திரத் தரம் வேண்டும் என்பதை 2017 பொது நிதி விதிகள் சேர்த்துக்கொண்டன. ஆனால் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற 'எல்-1' பழக்கம் அசையவில்லை. தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

மறுபடி தாபோடி. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனைகளில் ஒன்று இங்கேதான். பழைய பேருந்துகளின் அலுமினியக் கூட்டைக் கழற்றி எஃகுக் கூடு பூட்டும் வேலை இங்கே நடந்திருக்கிறது. கழகத்தின் முதல் பேருந்து 1948 ஜூன் 1இல் புனேயிலிருந்து அகமதுநகருக்கு ஓடியது. அதே தடத்தில் 2022 ஜூன் 1இல் 'சிவாய்' மின்பேருந்து தொடங்கியது. புனே மாநகரப் பேருந்துகளில் மின்வண்டி 2019இலேயே வந்துவிட்டது. இவை வாங்கப்படும் முறை புதிது: கழகம் வண்டியை வாங்குவதில்லை, ஓடிய கிலோமீட்டரை வாங்குகிறது. வண்டி, பேட்டரி, பராமரிப்பு எல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு. இதனால் அடிக்கடி பழுதாகும் வண்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு சுருங்குகிறது. ஆனால் கூடு கட்டத் தெரிந்த பணிமனைக்கு இந்த ஒப்பந்தத்தில் இடம் இல்லை.

ஒப்பந்தம் பசுமையாக இருப்பதும் அது நிறைவேறுவதும் ஒன்றல்ல. 2023இல் கழகம் 5,150 மின்பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்தது. வண்டிகள் குறித்த காலத்தில் வரவில்லை என்று 2025 மே மாதம் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்யச் சொன்னார். தாமதிக்கும் ஒவ்வொரு மின்பேருந்துக்கும் பதிலாக ஒரு டீசல் வண்டி கூடுதல் காலம் ஓட வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கோ 2023 ஏப்ரல் 1 முதல் பதிவே இல்லை. பேட்டரியின் முடிவுக்கு 2022 பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியிருக்கின்றன. ஒப்பந்ததாரர் பாதியில் விலகினால் டிப்போவில் நிற்கும் பேட்டரியை யார், எத்தனை நாளில், யார் செலவில் எடுத்துப்போவது என்பதை ஒப்பந்தத்தின் விலகல் பிரிவுதான் சொல்ல வேண்டும். விலைப்பட்டியலைப் படிக்கும் அளவுக்கு அந்தப் பிரிவை யாரும் படிப்பதில்லை.