கட்டுமரம்: பேரு நம்மது, கேள்வி அவங்களது

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதனால ரெண்டு மாசமா பதிவு எதுவும் போட முடியலை. இந்தப் பதிவுக்கும் காரணம் ஆபீஸ்தான்.

எங்க க்ளையண்ட் பக்கம் ஒரு டச்சுக்காரர் இருக்கார். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். வீட்டை வித்துட்டு ஒரு கேட்டமரான் வாங்கி, மனைவியோட கடல்லயே குடியிருக்கப் போறாராம். ஒருநாள் மீட்டிங் முடிஞ்சதும், "கேட்டமரான்ங்கிறது உங்க பாஷை வார்த்தையாமே, நீ சொல்லு, அலுமினியத்துல வாங்கவா, கம்போசிட்லயா?"ன்னு கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் செஞ்சிக்காரன். எங்க ஊர்ல தண்ணின்னா கோட்டை அகழியும் குளமும்தான். கடலைப் பாக்கணும்னா பாண்டிச்சேரிக்கு 70 கி.மீ. சொச்சம் பஸ்ல போகணும். ஆனா தமிழன்னு சொல்லிட்டு கட்டுமரம் பத்தித் தெரியாதுன்னு சொல்ல மனசு வரலை. "ஒரு வாரம் டைம் குடுங்க"ன்னேன் :-)

தோண்ட ஆரம்பிச்சா, செஞ்சிக்கும் கட்டுமரத்துக்கும் நான் நினைச்சதை விட நெருக்கமான சம்பந்தம் இருக்கு. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த 12 மராட்டியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்குறது எங்க கோட்டை ஒண்ணுதான். அதுல இருந்துக்கிட்டுதான் 1690-ல மராட்டிய மன்னர் ராஜாராம், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தார். வாங்கினது அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேல். கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் அவங்களுக்குன்னு ஒப்பந்தம். குண்டு கிராமம்ங்கிற பேரே அதனால வந்ததுதான்.

கோட்டையை வாங்கியாச்சு, சரி. ஆனா கப்பல் கரைக்கு வராது. நம்ம சோழமண்டலக் கரையில இயற்கைத் துறைமுகம்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். நடுவுல அலை உடையிற இடம். வெள்ளைக்காரன் கப்பல்ல கட்டித் தூக்கிட்டு வந்த படகு அங்க வந்தா தூள் தூள்தான். அந்த இடத்தைத் தாண்டத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காம, தேங்கா நார்க் கயித்தால தைச்சது. அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கும், உடையாது. ரெண்டாவது நம்ம கட்டுமரம்.

கட்டுமரத்தை ஒரு இன்ஜினியரா பாத்தா ஆச்சரியமா இருக்கு. எடை குறைஞ்ச மரத்துண்டுகளைச் செதுக்கிச் சேத்துக் கட்டினது, அவ்வளவுதான். உள்ள குழிவே கிடையாது. அதனால தண்ணி ரொம்பி மூழ்குற பேச்சே இல்லை. மேல ஏறின தண்ணி இடுக்கு வழியா இறங்கிடும். கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, மரத்தைத் தனித்தனியா காய வெச்சுடலாம். ஒரு துண்டு உளுத்துப் போனா அதை மட்டும் மாத்தினா போதும். நாங்க இன்னைக்கு 'மாடுலர் டிசைன்'னு பீத்திக்கிறதை மணல்ல உக்காந்து சாதாரணமா பண்ணியிருக்காங்க.

வில்லியம் டாம்பியர்ங்கிற இங்கிலீஷ் மாலுமி 1697-ல வந்த தன் பயணப் புத்தகத்துல இந்தக் கரையோட கட்டுமரத்தைப் பத்தி எழுதினார். இங்கிலீஷுக்குள்ள வார்த்தை போன கதையில அந்தப் புத்தகம் முக்கியமானது. ஆனா இங்க ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். இன்னைக்கு உலகம் கேட்டமரான்னு சொல்றது, ரெண்டு ஒல்லிப் படகை அகலமா தள்ளி வெச்சு நடுவுல தளம் போட்ட வண்டி. அது பசிபிக் தீவுக்காரங்களோட இரட்டைப் படகு வம்சம். 1876-ல அமெரிக்காவுல நத்தானியல் ஹெரஷாஃப், 'அமரில்லிஸ்'னு ஒரு இரட்டைப் படகைக் கட்டிப் பந்தயத்துல விட்டு, வழக்கமான படகுகளை ஓட ஓட விரட்டினார். ஜெயிச்சதுக்குப் பரிசா, இந்த ரகமே பந்தயத்துக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. ஆக பேரு நம்மது, வடிவம் அவங்களது. சும்மா காலரைத் தூக்கி விட்டுக்க வேணாம்.

சரி, டச்சுக்காரர் கேள்விக்கு வருவோம்.

இரட்டைப் படகுக்கு எடைதான் எமன். ஒல்லியான உடம்பு, பாரம் ஏறினா சட்டுனு அமுங்கி வேகம் செத்துடும். கம்போசிட்ல கண்ணாடி இழையையும் ரெசினையும் ரெண்டு மெல்லிய தோலா போட்டு, நடுவுல நுரையோ பால்சா மரமோ வைப்பாங்க. தகடோட விறைப்பு அதோட தடிமனோட முப்படிக்கு ஏறும். தடிமன் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. நுரையை வெச்சுத் தடிமனை ஏத்துறது அதனாலதான், எடை பெருசா ஏறாது. ஆனா எங்கயாவது ஒரு ஓட்டையை ஒழுங்கா அடைக்காம விட்டா, தண்ணி நடுவுல இறங்கி உள்ளுக்குள்ளயே ஊறும். அச்சு செய்ய செலவு ஜாஸ்தி. அதனால ஒரே மாதிரி நிறைய படகு வார்க்கிறவங்களுக்குத்தான் கட்டுப்படி ஆகும்.

அலுமினியம்னா மக்னீசியம் கலந்த 5083 மாதிரி கடல் ரகம். பாறையில மோதினா பெரும்பாலும் நசுங்கும், கிழியாது. அச்சு வேணாம், ஒத்தைப் படகா கூட கட்டலாம். ஆனா வெல்டிங் பண்ண இடத்துல பலம் குறையும். ரொம்ப மெல்லிசா போனா வெல்டிங்கே கஷ்டம், அதனால சின்னப் படகுல எடை கூடிடும். உள்ள ஒரு செப்புக் கம்பித் துண்டு கிடந்தாலே, உப்புத்தண்ணி சேந்து அலுமினியத்தை அரிக்க ஆரம்பிச்சிடும்.

ரெண்டுக்கும் உதாரணம் பக்கத்துலயே, கேரளாவுல இருக்கு. 2017 ஜனவரியில வைக்கம் - தவணக்கடவு நடுவுல விட்ட 'ஆதித்யா' 75 பேர் போற சோலார் கேட்டமரான். அது கண்ணாடி இழை. 2023 ஏப்ரல்ல தொடங்கின கொச்சி வாட்டர் மெட்ரோவுக்கு கொச்சின் ஷிப்யார்ட் கட்டின 100 பேர் போற பேட்டரி கேட்டமரான்கள் அலுமினியம். என் புரிதல் என்னன்னா, வெயில் குடுக்குற கொஞ்சூண்டு சக்தியில ஓடணும்னா ஒவ்வொரு கிலோவையும் கணக்கு பாக்கணும். வெல்டிங் ஆளுங்களும் பட்டறையும் கையில வெச்சிருக்குற கப்பல் கட்டும் தளத்துக்கு உலோகம் இயல்பா வரும். ரெண்டுமே சரியான விடைதான்.

இவ்வளவும் படிச்சதை வெச்சு எழுதிடலாம். ஆனா மனசு ஒப்பலை. காலேஜ் நண்பன் ஒருத்தன் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரன். போன சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க அப்பா கட்டுமரத்துல பொறந்து வளந்தவர். 2004 டிசம்பர் 26-ல சுனாமி அதை வாரிக்கிட்டுப் போச்சு. அப்புறம் ஒரு அமைப்பு குடுத்த ஃபைபர் போட்டு வந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டுக் கரை முழுக்க அப்படித்தான், ஃபைபர் போட்டு வந்து குவிஞ்சது. இவருக்குக் கிடைச்சது சரியா வார்க்காதது போல, சில வருஷத்துலயே அடியில விரிசல். ஒட்டி ஒட்டிப் பாத்துட்டு வேற வாங்கிட்டார். பழசு இன்னும் வீட்டுப் பின்னாடி கவுந்து கிடக்கு. கோழி அடையுது.

"தம்பி, மரம் செத்தா அடுப்புக்கு ஆவும். இது எதுக்கு ஆவும்? கொளுத்தினா ஊரே இருமும்"னார்.

"அலுமினியமா இருந்தா எடைக்குப் போட்டிருக்கலாம் மாமா"ன்னேன். "போடலாம். ஓட்டையானா பத்த வெக்கறவன் இந்தக் குப்பத்துல யாரு?"ன்னு திருப்பிக் கேட்டார். நான் கப்சிப்.

"அப்ப திரும்பக் கட்டுமரத்துக்கே போயிடுவீங்களா?"ன்னும் கேட்டேன். கொசுவத்தி சுத்துவார்னு எதிர்பாத்தேன். சிரிச்சுட்டார். "மீனு கிட்டக்க இருந்தப்ப மரம் போதும் தம்பி. இப்ப மீனு தூரம் போயிடுச்சு. மோட்டார எதுல மாட்டறது? கடலுக்குப் போறவனுக்குத்தான் தெரியும், மரத்துல நாளெல்லாம் இடுப்பளவு ஈரம்."

திரும்பி வர்ற வழியில பஸ்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். ராஜகிரி மதிலைக் கட்டினவங்க கல்லைத் தேடி எங்கயும் போகலை, மலையிலயே இருந்தது. மசூலாவைத் தைச்சவங்களுக்குக் கயிறு கரையிலயே இருந்தது. எது உசத்தின்னு அவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க. கையில என்ன இருக்கு, உடைஞ்சா நம்மால சரி பண்ண முடியுமா, அவ்வளவுதான் பாத்திருப்பாங்க. நண்பனோட அப்பாவுக்குப் படகு கிடைச்சது, ஆனா அதைச் சரி பண்ற வித்தை கூடவே வரலை. கட்டுமரம் போனதுல எனக்கு உறுத்துறது மரம் இல்லை. தன் வண்டியைத் தானே அவுத்துக் கட்டத் தெரிஞ்ச மனுஷன், இன்னைக்கு ரெசின் டப்பாவுக்கும் மெக்கானிக்குக்கும் காத்து நிக்கிறார். அதுதான்.

டச்சுக்காரருக்கு இப்படி மெயில் போட்டேன்: "மத்தியதரைக் கடல்ல சுத்திட்டு நாலு வருஷத்துல விக்கிறதா இருந்தா கம்போசிட் வாங்குங்க. பாறையும் பவளத்திட்டும் உள்ள, ஆளில்லாத கரைக்குப் போறதா இருந்தா அலுமினியம் பாருங்க. எதை வாங்கினாலும் முதல்ல ஒரு மாசம் அதை ஒட்டவோ பத்த வெக்கவோ கத்துக்குங்க."

பதில் வந்தது. வெல்டிங் கிளாஸ்ல சேந்துட்டாராம் :-)

டிஸ்கி: உங்க ஊர்ப் பக்கம் இன்னும் கட்டுமரம் கட்டத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, தயவுசெஞ்சு போய் உக்காந்து கேட்டு ஒரு பதிவு போடுங்க. முடிச்சு எப்படிப் போடறாங்கன்னு படத்தோட போட்டா இன்னும் நல்லது.