லக்ஸம்பர்க் லைசென்ஸ், கோயம்புத்தூர் கார்

மைக்கேல் ஷூமாக்கர் 12 வயதில் வாங்கிய முதல் கோ-கார்ட் லைசென்ஸ் ஜெர்மனியுடையது இல்லை. அங்கே 14 வயது ஆகாமல் கிடைக்காது. அதனால் பக்கத்து லக்ஸம்பர்க்கில் வாங்கிக்கொண்டார். பின்னாளில் அவர் ஜெயித்தபோதெல்லாம் மேடையில் ஒலித்தது ஜெர்மன் தேசிய கீதம்தான். சின்ன வயசில் எந்த நாட்டு லைசென்ஸில் ஓட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. ஃபார்முலா ஒன் விதியும் அப்படித்தான்: லைசென்ஸ் எங்கே வாங்கியிருந்தாலும், உலக சாம்பியன்ஷிப்பில் டிரைவரின் நாடு பாஸ்போர்ட்டில் இருப்பதுதான்.

நம்ம ஊர் கதையில் கோ-கார்ட் காலமே கிடையாது. தாம்பரத்திலிருந்து கிளம்பி, வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்து, பெங்களூர் ஹைவேயில் மேற்கே திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஸ்ரீபெரும்புதூர் டிராக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1993-ல் நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஓட்டியது இங்கேதான். வயது 16. அதே வருஷம் இங்கிலாந்தில் லூயிஸ் ஹாமில்டன் என்ற எட்டு வயசுப் பையன் கோ-கார்ட் ஓட்ட ஆரம்பிக்கிறான். நரேன் இங்கே ஓட்டிய அந்த வயதில் ஹாமில்டனுக்கு எட்டு வருஷ அனுபவம் இருந்திருக்கும்.

அந்த எட்டு வருஷத்தை இங்கே ஈடுகட்டியது நாடு இல்லை, வீடு. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். பையனை 1992-லேயே பிரான்ஸில் ஒரு ரேஸிங் பள்ளிக்கு அனுப்ப முடிந்த குடும்பம். நரேன் ஓட்டிய ஃபார்முலா மாருதி காரை உருவாக்கியவரும் கோயம்புத்தூர்க்காரர்தான், எஸ். கரிவரதன். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைத் தூக்கி ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றில் வைத்தார். சுஸூகியின் தொழில்நுட்பம், கொங்கு நாட்டுப் பட்டறை. இந்திய ரேஸ் கார் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார் கரிவரதன். நரேன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் போட்ட அணிகள் விலகிக்கொள்ள, மிச்சம் ஓடியது ஆறே கார்கள். நரேனுக்கு நாலாவது இடம், ஐந்து பாயிண்ட். ஜோர்டான் அணி, டொயோட்டா எஞ்சின், டாடா விளம்பரம். அவர் பெயருக்குப் பக்கத்தில் மூவர்ணக் கொடி. அதைப் பார்த்து எனக்கும் புல்லரித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இசிஆர் பக்கம் ஆஃபீஸ் டீம் அவுட்டிங்கில் பத்து நிமிஷம் கோ-கார்ட் ஓட்டியதுதான் என்னுடைய மொத்த கார்ட்டிங் வாழ்க்கை, அதுவும் 29 வயதில். எங்கள் தெருவில் என்னைவிட வேகமான பையன்கள் இருந்தார்கள். அந்தக் கொடிக்குப் பக்கத்தில் வரக்கூடிய பெயர்கள் மொத்தமே இரண்டு மூன்று வீடுகளுக்குள் முடிந்துபோனதை, 'இந்தியாவின் பெருமை' என்ற தலைப்பு சௌகரியமாக மறைத்துவிடுகிறது.

2011-ல் டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ. அப்போது நாட்டுக்கு இருந்த இரண்டு ஃபார்முலா ஒன் டிரைவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள். நரேன் ஓட்டி 17-ஆவதாக வந்தார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக்குக்கு லோட்டஸ் அணி கொடுத்தது வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த அணிக்கு ஓட்டியவர்கள் ஒரு இத்தாலியரும் ஒரு ஃபின்லாந்துக்காரரும்.